ஏறுதுன்னா பொருந்துதுன்னு அர்த்தமில்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு பதிப்புல மோட்டார் பக்கத்துல, ஸ்போர்ட்ஸ் காடியோட உயரத்த இறக்கி பெரிய ரிம் மாட்டுறது பத்தி ஒரு கட்டுரை போட்டிருந்தீங்க. நானா தேடிப் படிக்கல, என் அக்கா மகன் அதை போட்டோ புடிச்சு வாட்ஸப்புல அனுப்பி, மாமா பாருங்க பேப்பர்லயே வந்துருச்சு இனிமே நீங்க ஒன்னும் சொல்ல முடியாதுன்னு கீழ எழுதியிருந்தான், அதனால படிச்சேன். பையன் இப்பதான் ஒரு செகண்ட் ஹேண்ட் டொயோட்டா ஜிடி86 வாங்கியிருக்கான், வாங்கின மறுவாரமே ஸ்பிரிங்க மாத்தி இறக்கிட்டான், அடுத்து 19 இன்ச் ரிம் வேணுமாம். எங்கிட்டயும் அதே காடிதான் இருக்கு, 2013 மோடல், ஆறு வருசமா ஓட்டுறேன், அவனுக்கு இந்தப் பைத்தியம் புடிச்சதுக்கு நான்தான் காரணம்னு அக்கா இன்னும் திட்டிக்கிட்டிருக்கா.

கட்டுரையில படம்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா முழுப் பக்கத்துல இன்ச், இன்ச், இன்ச்னு வந்துக்கிட்டே இருக்கு, ரிம் உள்ள வெளிய எவ்ளோ தள்ளி நிக்கும்னு சொல்ற ஓஃப்செட்டுங்கிற வார்த்தை ஒரு தடவகூட வரல. கடைசில உங்க காடிக்கு ஏறுமான்னு கடையில கேட்டுக்குங்கன்னு முடிச்சிருக்கீங்க. வம்பே அங்கதான் இருக்கு. கடையில கேட்டா ஏறும்னுதான் சொல்லுவாங்க, பொய்யும் இல்ல, அஞ்சு ஓட்டையும் நட்டு ஏறுற அஞ்சு ஸ்டட்டும் நேரா இருந்தா ரிம் ஏறத்தான் செய்யும். அது ஓடுறப்ப எங்க இடிக்கும், மழையில என்ன பண்ணும், குலுக்கலத் தாங்குற அப்சோர்பரோட எவ்ளோ நெருங்கி நிக்கும், இதெல்லாம் அந்த "ஏறும்"ங்கிற ஒரு வார்த்தைக்குள்ள வராது.

நான் மெக்கானிக் இல்ல, கிள்ளான் துறைமுகம் பக்கம் ஒரு கிடங்குல வேலை. எங்கப்பா லோரி ஓட்டுனவரு, டயர் பக்கவாட்டுல இருக்கிற எழுத்தப் படிக்க சின்ன வயசுலயே அவருதான் சொல்லிக் குடுத்தாரு, ஸ்கூல்ல வாய்ப்பாடு ஏறாத எனக்கு அது மட்டும் எப்படியோ ஏறிருச்சு. அதனால இந்த எண்கள்லேர்ந்தே ஆரம்பிக்கிறேன், கணக்கு போரடிக்கும்னு நெனச்சா ரெண்டு பத்தி தாண்டிப் போயிருங்க, ஆனா காசு போறது இந்த ரெண்டு பத்தியிலதான்.

ஜிடி86 கம்பெனிலேர்ந்து வர்றப்ப 215/45ஆர்17 டயர், ரிம் 17க்கு 7, அதாவது விட்டம் 17 இன்ச் அகலம் 7 இன்ச், ஓஃப்செட் 48. இதுல 215ங்கிறது டயரோட அகலம் மில்லிமீட்டர்ல, 45ங்கிறது அந்த அகலத்துல நூத்துக்கு 45 பங்கு பக்கச்சுவர் உயரம், அதாவது 97 மிமீ கிட்ட, 17ங்கிறது ரிம் இன்ச். பக்கச்சுவர் மேலயும் கீழயும் ரெண்டு தடவ வருது, அதோட ரிம் விட்டத்தக் கூட்டினா மொத்தம் 625 மிமீ. இந்த 625தான் உங்க மீட்டருக்கும் கியருக்கும் ஏபிஎஸ்ஸுக்கும் தெரிஞ்ச எண்ணு. நீங்க 18 இன்ச்சுக்குப் போயி 225/40 போட்டா 637 வரும், ரெண்டு சதவீதம் கூட, பரவால்ல, நெடுஞ்சாலையில மீட்டர் 110 காட்டுறப்ப முன்ன போனதைவிட ஒரு ரெண்டு கிலோமீட்டர் வேகமாப் போவீங்க அவ்ளோதான். 235/40ஆர்18 போட்டா 645 ஆயிரும், மூணு சதவீதத்துக்கு மேல போயிருச்சு, 200 குதிரைசக்தி உள்ள காடிக்கு அந்த வித்தியாசம் கால்ல தெரியும், மூணாவது கியர்ல சோம்பேறித்தனமா இழுக்கும். பையன் கேக்குற 19 இன்ச்சுக்கு 215/35 போட்டா மொத்த விட்டம் 633, மேலோட்டமாப் பாத்தா சரியாத்தான் இருக்கு, ஆனா பக்கச்சுவர் 75 மிமீதான் மிஞ்சும். கம்பெனி குடுத்ததுல 22 மிமீ காத்துமெத்தை போயிருச்சு, அதுவும் ஸ்பிரிங்க இறக்கி சக்கரம் மேல எழும்புற தூரத்தையும் குறைச்ச பொறவு. ரெண்டு பக்கமும் மெத்தைய உருவிட்டு நம்ம ஊரு குழிய யாரு வாங்குறது? ரிம்தான் வாங்கும், அப்புறம் உங்க முதுகு.

இப்ப ஓஃப்செட்டு. ரிம்மோட அகலத்துக்கு நடுக்கோடு ஒன்னு இருக்குன்னு வச்சுக்குங்க, காடியில சக்கரத்த மாட்டுற ஹப்புல ஒட்டுற முகம் அந்த நடுக்கோட்டுலேர்ந்து எத்தன மிமீ வெளிப்பக்கம் இருக்குதுங்கிறதுதான் அந்த எண்ணு. எண்ணு பெருசா இருந்தா சக்கரம் உள்ள போவும், சின்னதா இருந்தா வெளிய வரும். 7 இன்ச்னா 178 மிமீ, பாதி 89. அதுலேர்ந்து 48 கழிச்சா 41, ஹப்புலேர்ந்து வெளிப்பக்கம் 41 மிமீ நிக்கும். 48ஐ கூட்டினா 137, உள்பக்கம் அப்சோர்பரப் பாத்து 137 மிமீ நிக்கும். எந்த ரிம்மா இருந்தாலும் இதே கணக்கப் போட்டு பழைய ரிம்மோட ஒப்பிட்டுப் பாருங்க, கடையில கேக்கவே வேண்டியதில்ல. 17க்கு 8, ஓஃப்செட் 45ன்னா வெளிய 16 மிமீ கூட, உள்ள 10 மிமீ கூட. அதே 17க்கு 8 ஓஃப்செட் 35ன்னா உள்ள ஒரு மாத்தமும் இல்ல, வெளிய மட்டும் 26 மிமீ தள்ளிரும். ரெண்டு ரிம்மையும் கடையில பக்கத்துல பக்கத்துல மாட்டி வச்சா ஒன்னு மாதிரிதான் இருக்கும், விலையும் ஒன்னுதான், பத்து மிமீ வித்தியாசத்துல ஒன்னு சக்கரத்துக்கு மேல இருக்கிற தகட்டுக்குள்ள, அதாவது ஃபெண்டருக்குள்ள நிக்கும், இன்னொன்னு ஃபெண்டரத் தின்னும். அகலம்னு போட்டிருக்கிறது டயர் உக்கார்ற இடத்தோட அளவு மட்டும்தான், ரிம்மோட உதட்ட சேத்துப் பாத்தா மொத்தம் ஒரு இன்ச் கிட்ட கூட இருக்கும்ங்கிறதையும் மறந்துராதீங்க.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்னா, தெரியாம ஒரு தடவ வாங்கிட்டேன்.

காடி வாங்கின முதல் வருசம். யாரோ ஒருத்தரு பழைய சுபாருலேர்ந்து கழட்டின ரிம் வித்தாரு, 18க்கு 9.5, ஓஃப்செட் 38, பிசிடி, அதாவது ஓட்டைங்க நிக்கிற வட்டம், 5க்கு 100 அப்படியே என் காடிக்கு ஒத்து வருது, நாலும் சேத்து 1,800 வெள்ளி. ஜிடி86ஐ கட்டுனதே ஜப்பான்ல சுபாருவோட குன்மா தொழிற்சாலையிலதான், அதனால சுபாரு ரிம் சொந்தக்கார வீட்டு சட்ட மாதிரி ஒத்துப்போவும்னு நெனச்சேன். அப்பவே உயரத்தக் கூட்டிக் குறைக்கிற கோயில்ஓவர் ஸ்பிரிங் போட்டு நாப்பது மிமீக்கு மேல இறக்கியிருந்தேன். அகல டயர் வாங்க காசில்ல, அதனால கைக்குக் கெடைச்ச 215/40ஐயே 9.5 ரிம்ல இழுத்து மாட்டிக் குடுத்தாங்க, ஸ்ட்ரெச் ஸ்டைல் இப்ப இதுதான் பாஸ்னு கடைப் பையன் சொன்னான். 215/40க்கு டயர் கம்பெனிங்க சொல்ற ரிம் அகலம் 7லேர்ந்து 8.5 வரைக்கும்தான். இன்னும் ஒரு இன்ச் இழுத்தா பக்கச்சுவர் சாஞ்சு நிக்கும், பாக்க ஜோரா இருக்கும், ஆனா காத்து கொஞ்சம் குறைஞ்சு வளைவுல அழுத்தம் வந்தா டயரோட விளிம்பு ரிம்ம விட்டு கழண்டுக்கும். எனக்கு அது நடக்கல, நடக்கலைங்கிறது என் சாமர்த்தியம் இல்ல.

நடந்தது வேற. மேல சொன்ன கணக்கப் போடுங்க, பழைய ரிம்ம விட வெளிய 42 மிமீ, உள்ள 22 மிமீ. முன்பக்கம் அப்சோர்பருக்கும் டயருக்கும் நடுவுல சுண்டுவிரல் போகல. உடனே ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவுல அஞ்சு மிமீ ஸ்பேசர் தகடு போடுங்கன்னாங்க, போட்டோம், அதுக்கப்புறம் வெளிய 47. ஸ்பேசர் போட்ட பொறவு நட்டு எத்தன சுத்து ஏறுதுன்னு யாரும் எண்ணல. ஸ்டட்டோட தடிமன் 12 மிமீன்னா குறைஞ்சது அந்த அளவுக்காவது நட்டு மரையில இறங்கியிருக்கணும், இந்தக் காடியோட மரைக்கு அது ஏறக்குறைய பத்து சுத்து. எனக்கு ஏழோ எட்டோதான் ஏறியிருந்துச்சு, அது ரொம்ப நாள் கழிச்சுத்தான் தெரிஞ்சுது. பின்பக்க ஃபெண்டர் உதட்ட ஹீட் கன் வச்சு சூடு பண்ணி மடக்கினாங்க, மடக்கின இடத்துல ஒரு மாசத்துல பெயின்ட் வெடிச்சு இன்னைக்கு துரு புடிச்சு நிக்குது.

இவ்ளோ அலங்காரத்தோட குடும்பத்த ஏத்திக்கிட்டு தாப்பா வழியா கேமரன் மலைக்குப் போனேன், பின்னாடி சீட்டுல மச்சான் மடக்கி உக்காந்திருந்தாரு, அந்த சீட்டுல உக்கார ஒரு மனுசன் தண்டனை பெத்திருக்கணும். ஏறுறப்பவே வளைவுக்கு வளைவு சர்ரு சர்ருன்னு ஒரு சத்தம். மேல போயிப் பாத்தா பின்பக்க வலது டயரோட தோள்பட்டைய சுத்தி ரம்பம் வச்சு அறுத்தாப்புல ஒரு கோடு, முன்பக்கம் ஃபெண்டருக்குள்ள இருக்கிற பிளாஸ்டிக் லைனர் கிழிஞ்சு தொங்குது. மழை வேற புடிச்சுக்கிச்சு. எறங்குறப்ப முப்பதுலயே எறங்குனேன், பின்னாடி காய்கறி லோரிக்காரரு ஹோன் அடிச்சே கொன்னாரு.

இதுல ஒன்னு கவனிக்கணும், நின்னுக்கிட்டிருக்கிற காடியில எதுவும் இடிக்காது. வீட்டு வாசல்ல ஸ்டியரிங்க ரெண்டு பக்கமும் திருப்பிப் பாத்தேன், ஒன்னும் உரசல. ஆளு ஏறி, வளைவுல காடி சாஞ்சு, அதே நேரம் ஒரு மேட்டுல சக்கரம் மேல எழும்புறப்பதான் உரசும். நாப்பது மிமீ இறக்குனா அந்த நாப்பதும் சக்கரம் மேல எழும்ப வச்சிருந்த இடத்துலேர்ந்துதான் போவுது, டயர் எப்பவுமே ஃபெண்டருக்குள்ள நாப்பது மிமீ கூட நுழைஞ்சே நிக்குது. அதனால கம்பெனி உயரத்துல பொருந்துன ரிம் இறக்குன காடியில பொருந்தும்னு யாரும் உறுதி குடுக்க முடியாது, இன்னொருத்தரு காடியில பொருந்துச்சேங்கிறதும் பேச்சுக்கு உதவாது, அவரு எவ்ளோ இறக்கியிருக்காரு, கேம்பர், அதாவது சக்கரத்தோட சாய்வு, எவ்ளோ வச்சிருக்காருன்னு தெரியாம.

கேம்பர் பத்தி சொல்லியே ஆவணும், ஏன்னா உங்க கட்டுரையில சக்கரம் மேல்பக்கம் உள்ளார சாஞ்சிருக்கிறத வெறும் அழகுக்குன்னு எழுதியிருந்தீங்க. இந்தக் காடியில முன்பக்கம் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட், பின்பக்கம் டபுள் விஷ்போன், ரெண்டும் வேற வேற சஸ்பென்ஷன் அமைப்பு. பின்னாடி சக்கரம் மேல ஏற ஏற தானாவே மேல்பக்கம் உள்ள சாஞ்சுக்கும், டயர் ஃபெண்டருக்கு அடியில ஒளிஞ்சுக்கும். முன்னாடி அப்படி தாராளமா சாயாது. ரொம்ப இறக்கிட்டா சக்கரத்தப் புடிச்சிருக்கிற கீழ் கையோட வெளி முனை உள் முனையைவிட மேல போயிரும், அதுக்கப்புறம் சக்கரம் எழும்ப எழும்ப கேம்பர் கூடுறதுக்குப் பதிலா குறையும், காடி எந்தப் புள்ளிய சுத்தி சாயுதோ அந்த ரோல் சென்டரும் காடியோட எடைமையத்தைவிட வேகமா கீழ போயிரும், அதனால இறக்குன காடி வளைவுல கம்பெனி காடியைவிட அதிகமா சாயப் பாக்கும். ஆச்சரியமா இருக்கும் ஆனா உண்மை, அதை மறைக்கத்தான் ஸ்பிரிங்க கல்லு மாதிரி வைக்கிறாங்க. இறக்கிட்டு டயர் உள்பக்கம் தேயுதுன்னு எல்லாரும் கேம்பரத் திட்டுவாங்க, பாதி குத்தம் கேம்பருது இல்ல, டோவோடது, அதாவது மேலேர்ந்து பாத்தா சக்கரம் உள்ளயோ வெளியவோ திரும்பியிருக்கிற அளவோடது. இறக்குனா டோ மாறும், அலைன்மென்ட் பண்ணாம விட்டா டயர் ரோட்டுல நேரா உருளாம குறுக்க இழுபட்டுக்கிட்டே போவும். நான் இறக்கிட்டு அலைன்மென்ட் அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டேன், 9,000 கிலோமீட்டர்ல உள்விளிம்புல கம்பி தெரிஞ்சிருச்சு, வெளிப்பக்கம் பாத்தா புது டயர் மாதிரி பூ அப்படியே இருக்கு. பூ, அதாவது டயரோட வரிப்பள்ளம், 1.6 மிமீக்கு கீழ போனா சட்டப்படி தப்பு, உள்பக்கத்த யாரு குனிஞ்சு பாக்குறா.

நட்டு சமாச்சாரம் ஒன்னு, இது ஜிடி86 காரங்களுக்கு மட்டும். டொயோட்டா காடிங்கள்ல வழக்கமா 12க்கு 1.5 மரை, அதாவது ஸ்டட் தடிமன் 12 மிமீ, ஒரு சுத்துக்கு 1.5 மிமீ. இது சுபாரு கட்டுனதால 12க்கு 1.25. முன்னால டொயோட்டா சின்னத்தப் பாத்துட்டு டயர் கடையில 1.5 நட்டெடுத்து ஏர் கன்னால ஏத்துனா ரெண்டு மூணு சுத்து ஏறிட்டு இறுகும், பையன் சரியா இறுகிருச்சுன்னு நெனச்சு இன்னும் ஒரு அழுத்து அழுத்துவான், ஸ்டட்டோட மரை போச்சு. கையால ஏத்திட்டு அப்புறம் இறுக்கத்த அளக்குற டார்க் ரெஞ்சுல 120 நியூட்டன் மீட்டர், ஒரு அம்பது நூறு கிலோமீட்டர் ஓடுன பொறவு திரும்ப ஒரு தடவ பாத்துக்குங்க. ரிம்மோட நட்டு உக்கார்ற இடம் கூம்பா உருண்டையான்னும் பாருங்க, கம்பெனி நட்டு வெளி ரிம்முக்கு ஒத்து வரும்னு எடுத்துக்காதீங்க. நடு ஓட்டையும் அப்படித்தான், இந்தக் காடிக்கு 56.1 மிமீ, வெளி ரிம்ல பல காடிக்கும் ஆகட்டும்னு 73.1 மாதிரி பெருசா விட்டிருப்பாங்க, நடுவுல அந்த இடைவெளிய அடைக்கிற ஹப் ரிங் போடலைன்னா தொண்ணூறு நூறுல ஸ்டியரிங் நடுங்கும், நீங்க நாலு தடவ பேலன்சிங் பண்ணிட்டு கடைக்காரரத் திட்டுவீங்க. அந்த ரிங் நாலு சேத்து சில பத்து வெள்ளிதான், அதக் கேட்டு வாங்குறதுல நமக்கென்ன வெக்கமோ தெரியல.

போலி ரிம் பத்தி ஒரு தனிக் கடிதமே எழுதலாம். ஜப்பான்ல ரேய்ஸ்ங்கிற ரிம் கம்பெனியோட டிஇ37 1996ல வந்த ரிம், அந்த 37ங்கிறது 15 இன்ச் 6 அகல ரிம்மோட எடை 3.7 கிலோங்கிறதக் குறிக்குதும்பாங்க. அந்த ஆறு கம்பி டிசைன அப்படியே வார்த்து எடுத்த நகல் நம்ம ஊர்ல எங்க திரும்புனாலும் கெடைக்குது, எடுத்துத் தூக்கிப் பாருங்க, அம்மிக்கல்லு. டிசைன காப்பி அடிக்கலாம், உலோகத்த அடிச்சு உருவாக்குற முறைய காப்பி அடிக்க முடியாதுல்ல. ஜேடபிள்யூஎல், விஐஏன்னு ஜப்பான் தரக் குறி அச்சடிச்சிருக்குதேன்னா, அச்சு அடிக்கிறவனுக்கு அதையும் அடிக்கத் தெரியாதா. ரிம்முக்கு உள்பக்கம் எத்தன கிலோ தாங்கும்னு போட்டிருக்கான்னு பாருங்க, டயர்ல லோட் இண்டெக்ஸ் பாருங்க, 87ன்னா ஒரு டயருக்கு 545 கிலோ, 84ன்னா 500. அகலம் கூடிருச்சு அதனால பலமும் கூடிருக்கும்னு கண்ணால முடிவு பண்ணாதீங்க.

எங்கிட்ட யாராவது கேட்டா நான் ஒன்னுதான் சொல்லுவேன், வரிசையத் திருப்பிப் போடுங்க. நம்ம ஆளுங்க முதல்ல இறக்குவாங்க, அப்புறம் ரிம் வாங்குவாங்க, கையில மிஞ்சுற காசுல ஏதோ ஒரு டயர் மாட்டுவாங்க, அதுவும் பல நேரம் எந்த வருசம் செஞ்சதுன்னு பாக்காத பழைய டயர். பக்கவாட்டுல டிஓடிக்கு பொறவு கடைசி நாலு எண்ணு, 2319ன்னா 2019ல 23ஆவது வாரம் செஞ்சது, இதப் படிக்க அஞ்சு வினாடி ஆவாது. ரோட்டத் தொடுறது டயர் மட்டும்தான், ஆக முதல்ல டயர முடிவு பண்ணணும், நான் எங்க ஓட்டுறேன், தினம் வேலைக்கா, மாசத்துக்கு ஒரு தடவ செப்பாங் டிராக்குக்கா, மழையில எவ்ளோ நேரம். டயர் முடிவானா அதுக்கு ஏத்த ரிம் அகலம் தானா வந்துரும், 225/45ஆர்17க்கு 7லேர்ந்து 8.5, நடுவுல 7.5 கிட்ட சுகமா உக்காரும். அகலம் தெரிஞ்சா ஓஃப்செட்ட கணக்குப் போட்டுரலாம். இவ்ளோவும் கையில வந்த பொறவுதான் எவ்ளோ இறக்கலாம்ங்கிற பேச்சு, இடம் எவ்ளோ மிச்சம் இருக்கோ அவ்ளோ. பையனுக்கு இதச் சொன்னா, மாமா நீங்க சாப்பாட்ட முடிச்சிட்டு இலை போடச் சொல்றீங்கங்கிறான். அவந்தான் இலையத் தலைகீழா போட்டு வச்சிருக்கான்.

அகல டயர்னா பிடிப்பு கூடும்னு ஒரு நம்பிக்க. காஞ்ச ரோட்டுல, நல்ல டயரா இருந்தா, ஓரளவு உண்மைதான். நம்ம ஊர்ல சாயங்காலம் நாலு மணிக்கு கொட்டுற மழைய வச்சுப் பாருங்க. எடை அதே 1,250 கிலோ கிட்டதான், டயர அகலமாக்குனா ரோட்டத் தொடுற இடம் அகலமாவும் நீளம் குறைவாவும் ஆவும், அந்த அகலத்துலேர்ந்து தண்ணிய வெளிய தள்ள நேரம் பத்தாது, டயர் தண்ணி மேல மிதக்க ஆரம்பிச்சிரும். அரைமொட்டை டிராக் டயர போட்டுக்கிட்டு வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில மழையில ஓட்டுறவங்கள நானே பாத்திருக்கேன், தள்ளியே வந்துருவேன். இன்னொன்னு, இந்தக் காடிய உருவாக்குன தலைமைப் பொறியாளர் தெட்சுயா தாடா வேணும்னேதான் குறுகலான, பிடிப்பு கம்மியான டயர் வச்சாரு. 2012ல பல நாடுகளுக்கு இது மிஷலின் பிரைமசி எச்பி டயரோட போச்சு, பெட்ரோல் மிச்சம் புடிக்கிற பிரியஸ்ல போடுற அதே டயர்னு அப்ப எல்லாரும் சிரிச்சாங்க. அவரு கஞ்சத்தனம் பண்ணல, கொறஞ்ச வேகத்துலயே காடி லேசா வழுக்கி, ஓட்டுறவனுக்கு கையில சேதி சொல்லணும்னு வச்சாரு. 245 போட்டு ஒட்ட வச்சிட்டு, இந்தக் காடியில பவர் பத்தலைன்னு பொலம்புறவங்க எத்தன பேரு.

சட்டத்துக்கு ஒரு வரி போதும். டயர் ஃபெண்டருக்கு வெளிய நீட்டிக்கிட்டிருந்தா சாலைப் போக்குவரத்துத் துறைக்காரங்க நிறுத்துவாங்க, காடிய விக்கிறப்ப பேரு மாத்த புஸ்பாகோம் மாதிரி வாகனப் பரிசோதனை நிலையத்துக்குப் போக வேண்டி வரும், அப்ப பழைய ரிம்ம தேடிக்கிட்டு அலைவீங்க, அதனால கம்பெனி ரிம்ம வித்துராதீங்க. இன்சூரன்ஸ்காரங்களுக்கும் மாத்துனதச் சொல்லி வச்சிருங்க.

அளக்குறது எப்படின்னு கேட்டா, நான் ரெண்டாவது தடவ பண்ணினது இதுதான். பழைய டயர் மாட்டியிருக்கிறப்பவே ஸ்டியரிங்க முழுசா திருப்பி, டயருக்கும் அப்சோர்பருக்கும், டயருக்கும் லைனருக்கும், பின்னாடி ஃபெண்டர் உதட்டுக்கும் எத்தன மிமீன்னு எழுதிக்கிட்டேன். அப்புறம் தெரிஞ்ச ஃபோர்மேன் ஒருத்தரு வொர்க்‌ஷாப்புல ஸ்பிரிங்க கழட்டிட்டு ஹப்ப ஜாக்கால முழுசா மேல தூக்கி, அதுக்கு மேல எழும்ப விடாத பம்ப் ஸ்டோப்பர்ல முட்டுற வரைக்கும், அப்பவும் அளந்தோம். பாதி நாள் வேலை, அவருக்கு 150 வெள்ளி குடுத்தேன், நான் ஏற்கனவே தொலைச்ச 1,800 வெள்ளிக்கு முன்னால அது ஒன்னுமேயில்ல. ஸ்பிரிங் கழட்ட வசதியில்லாதவங்களுக்கு ஒரு கம்பத்து வழி இருக்கு, பிள்ளைங்க விளையாடுற களிமண்ண சின்னச் சின்ன உருண்டையா உருட்டி ஃபெண்டர் உள்பக்கம் நாலஞ்சு எடத்துல ஒட்டிட்டு, பின்னாடி ரெண்டு பேர ஏத்திக்கிட்டு மேடுபள்ளத்துல ஒரு சுத்து போயிட்டு வந்து எது நசுங்கியிருக்குன்னு பாக்கணும். எனக்கு களிமண் கெடைக்காம மாமாக் கடையில ரொட்டி சானாய் மாவு கேட்டு வாங்கினேன், எதுக்குன்னு அவரு கேட்டப்ப சொன்னேன், இன்னைக்கு வரைக்கும் அந்தக் கடைக்குப் போனா, காடி சாப்பிட்டுச்சான்னு விசாரிப்பாரு.

இப்ப என் காடியில 17க்கு 8 ஓஃப்செட் 45, டயர் 225/45, ஸ்பிரிங் 25 மிமீ மட்டும் இறக்கம், முன்னாடி கேம்பர் போல்ட் போட்டு ஒன்றரை டிகிரி கிட்ட, காத்து 35 பிஎஸ்ஐ. நட்டு பத்து சுத்துக்கு மேல ஏறுது, எண்ணிப் பாத்தேன். ஃபெண்டருக்கும் டயருக்கும் நடுவுல ரெண்டு விரல் எடம் தெரியுது, உங்க படத்துல இருக்கிற காடி மாதிரி ஒட்டிக்கிட்டு நிக்காது, மாமா லோரி மாதிரி இருக்குதுன்னு பையன் சொல்றான். போன மாசம் அதே தாப்பா ரோட்டுல அதே மச்சானோட போயிட்டு வந்தேன், சத்தம் போட்டது மச்சான் மட்டும்தான்.

பையன் எதையும் ஒத்துக்கல. 19க்கு 8.5, ஓஃப்செட் 35ன்னு ஒரு ரிம்ம பாத்து வச்சிருக்கான், கணக்குப் போட்டுக் காட்டுனேன், வெளிய 32 மிமீ உள்ள 6 மிமீ. ஒரு நிமிசம் பேசாம இருந்தான், அப்புறம் பேப்பர்ல இருக்கிற காடிக்கு மட்டும் எப்படி மாமா பொருந்துச்சு லான்னு திரும்பவும் ஆரம்பிச்சிட்டான். அதனால ஒரு வேண்டுகோள். அந்தப் படத்துல இருக்கிற காடியோட ரிம் அகலம் என்ன, ஓஃப்செட் என்ன, எத்தன மிமீ இறக்கியிருக்காங்க, ஃபெண்டர மடக்கியிருக்காங்களா இல்லையா, பின்னாடி சீட்டுல ஆளு உக்காந்து என்னைக்காவது ஓட்டியிருக்காங்களா, கட்டுரை எழுதுனவர்ட்ட கேட்டு அடுத்த ஞாயிறு ஒரு மூலையில போட்டீங்கன்னா போதும். பையன் அந்த ரிம்முக்கு இன்னும் முன்பணம் கட்டல, மாசக் கடைசில சம்பளம் வருது.

இப்படிக்கு,
நீண்ட நாள் வாசகர்,
கிள்ளான்